எல்லாளன் கதையில் எந்தப் பாதி?

சிங்கள அரசன் துட்டகைமுனு, அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனைப் போரில் கொன்ற கதை, இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்தில் இருக்கிறது. அதற்குள்ளேயே இரண்டு வழிகள்.

ஒன்று, கணக்கு. இத்தனை பேரைக் கொன்றேனே என்று வருந்திய அரசனிடம், செத்தவர்களில் ஒன்றரைப் பேர்தான் மனிதர்கள், மற்றவர்கள் மிருகங்களுக்குச் சமம் என்கிறார்கள் பிக்குகள். மேடை அரசியலுக்கு இந்தப் பாதிதான் வசதி. 2009இல் புலிகளுடனான போர் முடிந்ததும் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவைத் துட்டகைமுனுவாகவே கொண்டாடினார்கள். நம் பக்கமும் அப்படித்தான்: 2007இல் புலிகள் அனுராதபுரத் தாக்குதலுக்கு எல்லாளன் பெயரை வைத்தார்கள்.

இன்னொன்று, நினைவிடம். எதிரி விழுந்த இடத்திலேயே தகனம் செய்து, நினைவிடம் எழுப்பி, அதை வழிபடச் சொல்கிறான் அதே அரசன். பிற்கால இளவரசர்களும் அங்கே வந்ததும் வாத்தியங்களை நிறுத்தினார்களாம். மேளம் ஓய்ந்து காலடிச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தப் பாதிதான் வேண்டும்.