டயப்பரா, காண்டம் கதீட்டரா?

பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நோயால் சிறுநீர் அடக்க முடியாத ஆண்களுக்குத்தான் இந்தக் கேள்வி. காண்டம் கதீட்டர் என்பது ஆணுறை போல உறுப்பின் மேல் மாட்டும் உறை; சிறுநீர் அதிலிருந்து குழாய் வழியாக ஒரு பையில் சேரும். மலமும் சேர்ந்து போகிறது என்றால் டயப்பரே.

டயப்பரை இடுப்புச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். பெரிய சைஸ் அதிகம் தாங்கும் என்பது தப்பு. தொடை இடுக்கில் ஒழுகும். நீளவாக்கில் மடித்துக் குழிவாக்கி, உள்பக்கத் தடுப்பு மடிப்புகளை நிமிர்த்தி, கீழ் டேப்பை முதலில் ஒட்டுங்கள். கடலூர்ப் புழுக்கத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. பவுடர் மடிப்பில் உருண்டு உறுத்தும். ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிசாகப் போதும்.

கதீட்டரில் தோல் காய்ந்தே இருக்கும். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு பஸ்ஸில் போய் ஓ.பி.யில் காத்திருக்க இதுதான் தோது. முடியைக் கத்தரித்து, கழுவி, ஈரமில்லாமல் துடைத்த பிறகே மாட்டணும். நுனியில் 2 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உரசிப் புண்ணாகும். அதிகமானால் முறுக்கிக்கொண்டு, சிறுநீர் தேங்கிக் கழன்றுவிடும். கழல்கிறதே என்று சுற்றிலும் பிளாஸ்டர் இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்று உறுப்பே கெட்டுப்போகும். உணர்ச்சி மரத்தவருக்கு வலியும் தெரியாது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும்; முக்கால் நிரம்பும் முன்பே காலி செய்யுங்கள்.

ஞாபக மறதி உள்ளவர் கதீட்டரைப் பிடித்து இழுப்பார். அவருக்கு டயப்பரே நல்லது.

நனையுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்து, உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரம் இன்னும் கூடும். அடிவயிறு உப்பி, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் இரண்டுமே உதவாது; உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.