லெமன் ஆயில், லின்சீட், பாரஃபின்: கடற்காற்றில் வாழும் பேஸ் கிட்டாருக்கு எது ஏற்றது?

பேஸ் கிட்டாரின் கழுத்தில் விரல் பதியும் மரப் பலகையான ஃபிங்கர்போர்டுக்கு எண்ணெய் பூசுவது பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு, பலகை சுருங்கி, அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் விளிம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகின்றன. புதுச்சேரியில் நிலைமை நேர்மாறானது. மரக் கருவிகளுக்கு உகந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தை நம் கடற்காற்று ஆண்டின் பெரும்பகுதியில் தாண்டியே நிற்கிறது. ஆகவே இங்கே எண்ணெயின் வேலை வறட்சியைப் போக்குவதன்று. எப்படியும் எண்ணெயால் மரத்துக்கு நீர்ச்சத்தைக் கொடுக்க முடியாது. அழுக்கை இளக்குவது, வியர்வை மரத்தில் இறங்குவதைத் தாமதப்படுத்துவது, வெளுத்த மரத்துக்குக் கருமையை மீட்டுத் தருவது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எண்ணெய்களை எடைபோட வேண்டும்.

முதலில் எந்தப் பலகைக்கு எண்ணெய் தேவை என்பதைப் பார்த்துவிடலாம். தோதகத்தி எனப்படும் ரோஸ்வுட்டும் கருங்காலியும் பொதுவாகப் பூச்சில்லாமல் வருபவை, அவற்றுக்குப் பூசலாம். மேப்பிள் பலகைகளில் பெரும்பாலானவை லேக்கர் பூசியவை. அவற்றில் எண்ணெய் உள்ளே இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடைகளில் ‘லெமன் ஆயில்’ என்று விற்கப்படும் பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் மினரல் ஆயில்தான். எலுமிச்சையின் பங்கு மணமும் சிறிதளவு கரைப்பான் குணமும் மட்டுமே. அந்தக் கரைப்பான் குணம் உண்மையிலேயே பயன் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ஃப்ரெட்டின் இருபுறமும் வியர்வையும் தோலும் சேர்ந்து கறுப்பு மெழுகுபோல் ஒட்டியிருக்கும். இரண்டு சொட்டு லெமன் ஆயில் விட்டுச் சில நிமிடங்கள் கழித்துப் பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் இழுத்தால் அது சுருள் சுருளாக வந்துவிடுகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தால் இதே வேலை பாட்டில் இல்லாமலும் நடக்கும் என்பது வேறு விஷயம்.

மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபினும் அதே மினரல் ஆயில்தான்; மணம் இல்லை, விலையோ பல மடங்கு குறைவு. இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதில்லை. எனவே கெட்டுப்போய் நாறாது, பிசுபிசுப்பாக இறுகாது, மரத்தின் மேல் படலமாகக் கட்டாது. உலராது என்பதே இதன் குறையும்கூட: அளவு மிஞ்சினால் மேலேயே நின்று, புதிய கம்பிகளில் ஏறி, ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய, சொரசொரப்பான) கம்பிக்கே உரிய கணீரென்ற ஒலியை மங்கச் செய்துவிடும். பேஸின் பலகை நீளமானது என்பதற்காகக் கையைத் தாராளமாக விடக்கூடாது. துணியில் சில சொட்டுகளை நனைத்து முழுப் பலகைக்கும் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, துணியில் எண்ணெய்த் தடம் விழாத அளவுக்குத் துடைத்தெடுக்க வேண்டும்.

லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், முற்றிலும் வேறு சாதி. ஹார்டுவேர் கடையில் பெயின்டர்கள் வாங்கும் ‘டபுள் பாயில்டு’ வகை விரைவில் உலர்வதற்காகப் பெரும்பாலும் உலோக உப்புகள் கலந்தது. அது ஆக்சிஜனை ஏற்று மரத்துளைகளுக்குள்ளேயே கெட்டியாகிறது. ஒரு பூச்சே பல மாதம் நிற்கும், தோதகத்திக்கு அழகான ஆழமும் தரும். ஆனால் நன்கு துடைக்காமல் விட்டால், அதுவும் ஐப்பசி மழை ஈரத்தில், நாள்கணக்கில் விரலில் ஒட்டும். ஆண்டுதோறும் பூசிக்கொண்டே போனால் படலம் தடித்து, அதன்மேல் அழுக்கு படியும். இதைவிட முக்கியமான ஆபத்து, துடைத்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பது. துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

சமையலறை எண்ணெய்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. எண்ணெய் காற்றில் இறுகும் தன்மையைக் காட்டும் அயோடின் எண், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். செக்கில் ஆட்டினாலும் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 110. தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டியே நிற்கிறது. நல்லெண்ணெய் உலரவும் உலராது, உலராமலும் இராது, நடுவாந்தரமாகப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைவதால், குளிரூட்டிய அரங்கில் வாசிக்கும்போது மரத்துளைகளில் வெள்ளையாகத் தெரியும். மழைக்காலத்தில் பூஞ்சைக்குத் தீனி போடுவதும் இத்தகைய தாவர எண்ணெய்களே.

என் தேர்வு லிக்விட் பாரஃபின்தான். ஆண்டுக்கு ஒரு முறை, கம்பி மாற்றும் சாக்கில், மழை ஓய்ந்த மாசி பங்குனியில் பூசினால் போதும். குளிரூட்டிய அறையிலேயே எந்நேரமும் இருக்கும் கருவிக்கு இரண்டு முறை. அழுக்கு மிகுந்திருந்தால் மட்டும் முதல் சுற்றுக்கு லெமன் ஆயில். லின்சீட்டை, ஃப்ரெட்டுகளே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் பரிசீலிக்கலாம். அங்கே கம்பி நேரடியாக மரத்தில் உரசுவதால், உள்ளே இறுகி நிற்கும் எண்ணெய்க்குக் கொஞ்சம் மதிப்புண்டு. ஆனாலும் ரவுண்ட்வவுண்ட் கம்பியின் அரிப்பைத் தடுக்க அது போதாது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் ஃப்ரெட்லெஸ் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி என்னும் கெட்டிப் பிசினைப் பூசியது அதனால்தான். அப்படிப் பூசிய பலகைக்கு இவற்றில் எந்த எண்ணெயும் தேவையில்லை.