பழைய சர்வர் எஸ்எஸ்டியா, புதிய சாதாரண எஸ்எஸ்டியா? குமரி வீடுகளுக்கு எது பொருந்தும்

டேட்டா சென்டர்களில் சில ஆண்டுகள் ஓடிக் கழற்றப்பட்ட எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிப்பவை) இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் சிறிய சர்வர் வைத்திருப்பவர்களிடம் அவற்றை விற்பவர்கள் முதலில் நீட்டுவது ஆயுள் கணக்கைத்தான், அதாவது மொத்தம் எவ்வளவு தரவு எழுதலாம் என்பதை. நம் தேவைக்கு அது தவறான அளவுகோல்.

சாம்சங் 870 ஈவோ 1 டிபி, எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண வகை. அதில் மொத்தம் 600 டிபி (1 டிபி என்பது 1,000 ஜிபி) வரை எழுதலாம் என்பது நிறுவனத்தின் உறுதி. நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட ஏறக்குறைய 55 ஆண்டுகள் ஆகும். சர்வர் வகையான பிஎம்883 960 ஜிபிக்கு 1,366 டிபி. இன்டெல் எஸ்3700 800 ஜிபிக்கு 14,600 டிபி. வீட்டில் ஒருபோதும் எழுதப்போகாத அளவுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

பணம் கொடுக்கத் தகுந்தது, சர்வர் வகையின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள், அதாவது சிறிது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் மாறிக்கொள்ளும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடும்.

எஸ்எஸ்டி, வரும் தரவை முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிப் பிறகுதான் சிப்பில் பதிக்கும். சர்வர் வகையில், மின்சாரம் நின்ற நொடியில் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் மிச்சத்தை எழுதி முடிக்கும். அந்தத் தைரியத்தில்தான், டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் ‘பதிந்தாயிற்றா?’ என்று கேட்கும்போது அது உடனே ஆம் என்கிறது. சாதாரண வகை சிப்பில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்ல முடியும். அத்தகைய வேலையில் அதன் வேகம் பல மடங்கு விழும்.

ஆகவே, மெய்நிகர் கணினிகள் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனித்தனிக் கணினிகள்), கடைக் கணக்கு, டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்குப் பழைய சாட்டா (சாதாரண மதர்போர்டுகளில் உள்ள இணைப்பு வகை) சர்வர் எஸ்எஸ்டிதான் என் தேர்வு. படங்களும் திருமண வீடியோக்களும் மட்டும் என்றால் உத்தரவாதத்தோடு வரும் புதிய சாதாரண வகையே போதும். மிச்சப் பணத்தில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். சர்வர் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் யுபிஎஸ் வேண்டும். பாதியில் நின்ற ஒரு மென்பொருளின் வேலையைக் கெபாசிட்டர் முடித்துவைக்காது.

சர்வர் எஸ்எஸ்டிகளில் வேறு இணைப்பு வகைகளும் உண்டு. அவற்றில் யு.2 வகை விலையில் கவர்ச்சியானது, வேகமும் அதிகம். ஆனால் தடிமன் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர்; அடாப்டர் வேண்டும், 12 வோல்ட் வேண்டும், விசிறிக் காற்று கட்டாயம். சும்மா இருக்கும்போதே 5 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 44 யூனிட். சர்வர்களுக்கென்றே உள்ள இன்னொரு இணைப்பான எஸ்ஏஎஸ் வகையைச் சாதாரண மதர்போர்டில் செருகவே முடியாது. தனி கார்டு வாங்க வேண்டும். சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் முற்றிலும் செயலிழக்கும் என்று 2019 நவம்பரில் அவற்றை விற்ற சர்வர் நிறுவனமான எச்பிஇயே எச்சரித்து, புதிய ஃபர்ம்வேர் (எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வெளியிட்டது. பழையதை வாங்குபவருக்கு அந்தப் புதுப்பிப்பு ஏற்கெனவே செய்யப்பட்டதா என்பது தெரியாது. இந்த வகையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன் ஸ்மார்ட் அறிக்கையின் (எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியல்) முழுப் படத்தையும் கேளுங்கள். ஓடிய மணி நேரத்தைவிட மீதமுள்ள ஆயுள் சதவீதமும் பிழை எண்ணிக்கையும் முக்கியம். இன்டெல் எஸ்3700 போன்றவற்றில் 175 என்று எண்ணிட்ட வரி கெபாசிட்டர் சோதனையின் முடிவைச் சொல்லும்; அது தேறவில்லை என்றால் அந்த எஸ்எஸ்டியை வாங்குவதற்கான காரணமே போய்விட்டது. சர்வர் நிறுவனங்களின் முத்திரையோடு வருபவற்றுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை நம்ப முடியாது. ஆகவே ஒரு டிபிக்கான விலை, புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் புதியதையே வாங்குவேன்.

வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆயுள் எல்லையை எட்டிய சர்வர் எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி வெப்பத்தில் 3 மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் (சிப் துறைக்கான தரநிலை அமைப்பு) வகுத்த தரநிலை. சாதாரண வகைக்கு அது 30 டிகிரியில் ஓராண்டு. ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.