ஆற்றோரத் திடலுக்கு எந்த விளக்கு?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய எங்கள் தோட்டத்துக் கோயில் திடலின் பழைய சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வெள்ளை எல்இடி போடலாமா, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிற அம்பர் எல்இடி போடலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு நடக்கிறது. மின்கட்டணத்தில் வெள்ளையே முந்தும் என்றாலும், ஆற்றில் பிறந்து இரவில் பறக்கும் பூச்சிகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு விடியற்காலையில் பாலத்து விளக்கின் கீழ் குனிந்து பார்த்தேன். ஈரத் தாரில் கண்ணாடி போன்ற இறகுகள் ஒட்டிக் கிடந்தன. சில உடல்களின் அருகே வெளிர்மஞ்சள் முட்டைத் திரள்கள் இருந்தன. மேஃபிளை எனப்படும் இந்தப் பூச்சிகள், நீருக்கடியில் வளரும் காலத்தோடு ஒப்பிட்டால், இறகு முளைத்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழும். அப்போது உண்பதும் இல்லை. ஆகவே விளக்கைச் சுற்றியே ஓர் இரவு கழிந்தால் வாழ்வே கழிந்துவிடுகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் கிடைத்தள முனைவாக்க ஒளியை, அதாவது கிடைமட்டமாக மட்டும் அதிரும் ஒளியைக் கொண்டே இவை ஆற்றை அடையாளம் காண்கின்றன. கருந்தாரும் கறுப்புக் காரின் மூடியும் அதே ஒளியைத் திருப்புவதால் அங்கேயே முட்டையிட்டு ஏமாறுகின்றன.

வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி ஓங்கியிருக்கும். புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றையே பூச்சிகளின் கண்கள் நன்கு உணர்வதால், அது அவற்றைக் கூடுதலாக இழுக்கும். அம்பரில் நீலம் ஏறக்குறைய இல்லை. ஈர்ப்பு குறையுமே தவிர அற்றுப்போகாது. சோடியமும் நிறத்தில் அம்பரை ஒத்ததுதான், ஆனால் எங்கள் உருண்டை விளக்குக் கூடுகளிலிருந்து அது ஆற்றின் மீதும் சிந்துகிறது. அந்த வகையில், நேர்கீழாக மட்டும் ஒளி விடும் வெள்ளை விளக்கு பழைய மஞ்சளைவிட மேலானதாகவும் இருக்கக்கூடும்.

நிறத்தைவிட இந்தச் சிந்தலையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இருட்டில் கல்லடியிலிருந்து வெளிவந்து பாசி மேயும் மேஃபிளை இளம்பூச்சிகள், நீரில் ஒளி பட்டால் மீனுக்கு அஞ்சிப் பதுங்குகின்றன. கீழாற்றில் கம்போங் குவாந்தான் கிராமத்தின் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளுக்கு அம்பரும் உதவாது. அவை இணையை அழைக்கும் மஞ்சள்பச்சை மினுக்கல் எந்த ஒளியிலும் மங்கிவிடும். அவற்றுக்கு இருட்டுதான் வேண்டும்.

ஆகவே, திடலுக்குத் தாழ்ந்த கம்பத்தில் மூடியிட்ட அம்பரும், நிறம் தெரிய வேண்டிய மடைப்பள்ளிக்கு மட்டும் வெள்ளையும் போடலாம். ஆற்றுப் பக்கத்து இரண்டு கம்பங்களையும் எடுத்துவிட வேண்டும் என்றே கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.