பிட்ச் கிளாக்கோடு மூணு சீசன்: கடிகாரம் சரி, அந்த ஓசி ஆள்தான்...

அடுத்த பேஸ்பால் சீசனுக்குச் சந்தா கட்டலாமா, இன்னும் அதே ஜவ்வு இழுப்புதானா என்று நண்பர் கேட்டார். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

2023-ல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் பிட்ச் கிளாக் என்ற இந்தக் கடிகாரம் வந்தது. பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) ஆள் இல்லையென்றால், பந்து வீசும் பிட்ச்சர் 15 நொடிக்குள் வீச ஆரம்பிக்க வேண்டும். இருந்தால் 20, அதையும் 2024-ல் 18 ஆக்கினார்கள். இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு வித்தியாசம் உறைத்தது அடுப்படியில். முன்பெல்லாம் பேட்டர் கையுறையைக் கழற்றி மாட்டுவதற்குள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடலாம். இப்போது திரும்பி வந்தால் ரெண்டு பேர் அவுட். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் 2022-ல் சராசரி 3 மணி 4 நிமிடம். மறு வருஷமே 2 மணி 40. போன 24 நிமிடமும் சொறிவதும் துப்புவதும்தான், ஒன்றும் நஷ்டமில்லை. பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், பிட்ச்சர் சும்மா சும்மா முதல் பேஸுக்கு வீசுவதற்கும் கடிவாளம் போட்டார்கள். அதனால் பேஸ் திருட்டு, அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, ஒரே வருஷத்தில் 2,486-லிருந்து 3,503. இதற்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் பத்தாவது இன்னிங்ஸ்!

ஒன்பது இன்னிங்ஸும் முடிந்து சமநிலை என்றால், அதற்குப் பிறகு ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒரு ஆள் ஓசியில் இரண்டாவது பேஸில் போய் நிற்கிறார். அடிக்கவில்லை, ஓடவில்லை. பந்தியில் உட்காராதவருக்குப் பாயசம். ஒருத்தர் பன்ட் பண்ணி (மட்டையால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு) அவரை மூணாவதுக்குத் தள்ளுவார், அடுத்தவர் பந்தைத் தூக்கி அடிப்பார், அது பிடிபட்டாலும் இவர் ஓடி ரன் எடுத்துவிடுவார், ஒரு ஹிட்கூட இல்லாமல் ஆட்டம் முடியும். அந்த ரன்னை பிட்ச்சர் விட்டுக்கொடுத்த ரன்னாக (earned run) எழுதுவதில்லை. தோல்வியை மட்டும் அவர் பெயரில் எழுதுகிறார்கள். என்ன கணக்கோ!

இந்த விதி கொரோனா வருஷத்துக்கு என்று 2020-ல் வந்தது, 2023-ல் நிரந்தரமாகிவிட்டது. வருஷத்துக்கு 162 ஆட்டம், பிட்ச்சர் கை என்னத்துக்கு ஆகும் என்கிறார்கள். புரிகிறது. புரிந்தும் பற்றிக்கொண்டு வருகிறது.

சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் இந்த ஓசி ஆள் கிடையாது. 2025 அக்டோபர் 27, இறுதிச் சுற்றான உலகத் தொடரின் மூணாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் ப்ளூ ஜேஸும். கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது, இருந்தும் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். டாட்ஜர்ஸின் ஓட்டானி ஒன்பது தடவை பேஸ் ஏறினார். அவர்கள் புல்பென்னில் (மாற்றுப் பிட்ச்சர்கள் காத்திருக்கும் இடம்) மிச்சமிருந்த வில் க்ளைன் வந்து நாலு இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுக்கவில்லை. அதே அணியின் ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து 6-5 என்று முடித்தபோது இங்கே நியூ ஜெர்சியில் விடிகாலை மூணு மணி ஆகப்போகிறது. வீடே தூங்குகிறது, வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

சீசன் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் டிவியை அணைத்துவிடுவேன், ஸ்கோர் காலையில். அதனால் நண்பரே, சந்தா கட்ட வேண்டாம். அக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தோசை கொஞ்சம் கருகியிருக்கும்.