பழைய கார், சிறிய பட்ஜெட்: முதல் தலைமுறை மஸ்தா 3 உடன் நீண்ட கால அனுபவம்

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினின் சக்தியையும் மைலேஜையும் ஓடோமீட்டரில் தெரியும் எண்ணையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்தக் கார் நம்மை எப்படிச் சுமந்து செல்கிறது, வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதேயில்லை. முதல் தலைமுறை மஸ்தா 3 காரின் ஐந்து கதவு ஹேட்ச்பேக்கை, 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து வேக மேனுவல் கியரும் கொண்ட வடிவில், சில ஆண்டுகளாக அன்றாட வேலைக்கும் நெடும்பயணத்துக்கும் ஓட்டி வருகிறேன். குறைந்த பணத்தில் சொகுசும் ஓட்டும் இன்பமும் ஒருசேர வேண்டும் என்பவர் இன்ஜினைப் பார்க்கும் முன்பே, சக்கரங்களைக் காரோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனையும் டயரையும் இருக்கையையும் பார்க்க வேண்டும் என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

சொகுசான கார் வளைவில் சாயும், வளைவில் நிற்கும் கார் முதுகை உடைக்கும் என்று ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது. மலிவாகச் செய்த சஸ்பென்ஷனில் அது உண்மைதான். நன்கு வடிவமைத்த சஸ்பென்ஷனில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. சக்கரம் ஒரு மேட்டில் மோதும்போது சற்றே பின்னோக்கி நகர இடமிருந்தால் அந்த அடி உடலுக்கு வந்து சேராது. அதே சக்கரம் பக்கவாட்டில் அசையாமல் இறுக்கமாக இருந்தால்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் தயங்காமல் திரும்பும். இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனி இணைப்புத் தண்டுகளிடம் பிரித்துக் கொடுப்பதுதான் மல்டிலிங்க் எனப்படும் பின் சஸ்பென்ஷனின் சிறப்பு. 1998இல் வந்த முதல் ஃபோர்டு ஃபோகஸ், சாதாரணக் குடும்பக் காரில் இந்த அமைப்பைச் செலவு குறைவான வடிவில் கொண்டுவந்து, 1999ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த கார் விருதையும் பெற்றது. அதே ஃபோர்டு குழுமத்தின் அடுத்த அடித்தளத்தில்தான் 2003இல் மஸ்தா 3, அதைத் தொடர்ந்து இரண்டாம் தலைமுறை ஃபோகஸ், இரண்டாம் தலைமுறை வோல்வோ எஸ்40 ஆகியவை உருவாயின. பழைய கார்ச் சந்தையில் இவற்றின் வயது விலையைக் குறைத்திருக்கிறதே தவிர, அந்த வடிவமைப்பின் தரத்தைக் குறைக்கவில்லை.

என் காரின் இன்ஜின் 105 குதிரைத்திறன் தருவது. எண்ணைக் கேட்டு யாரும் வியக்கப் போவதில்லை. முந்திச் செல்ல வேண்டுமென்றால் கியரைக் குறைத்து இன்ஜினை உயர்ந்த சுழற்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆனால் குறுகிய அசைவில் சுத்தமாக விழும் கியர் லீவரும், கையில் எடை தெரியும் ஸ்டீயரிங்கும் இருப்பதால் அந்த வேலையே சுவையாகிவிடுகிறது. முழுவதும் மின்மோட்டாரால் இயங்கும் பிற்காலத்து ஸ்டீயரிங்குகள் போலன்றி, இதில் மின்மோட்டார் ஒரு ஹைட்ராலிக் பம்பை இயக்குகிறது. முன் சக்கரங்களுக்கு அடியில் சாலை எப்படி இருக்கிறது என்ற செய்தி விரல்களுக்கு ஓரளவு வந்து சேருகிறது. சக்தி மிகுந்த காரில் பொதுச் சாலையில் பாதித் திறனைக்கூட எட்ட முடியாமல் ஏங்குவதைவிட, சக்தி குறைந்த காரை அதன் முழுத் திறனுக்கும் ஓட்டுவதில் நிறைவு அதிகம். மைலேஜ், கலப்புப் பயன்பாட்டில் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டரை ஒட்டி நிற்கிறது. சிக்கனம் ஒன்றே குறியாக இருப்பவருக்கு இது போதாது.

சொகுசைப் பற்றிப் பேசும்போது மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது டயர். இந்தக் காருக்கு உரிய அளவுகளில் ஒன்று 205/55 ஆர்16. அதில் 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்கிட்டால் சுவர் ஏறத்தாழ 113 மில்லிமீட்டர் வரும். அழகுக்காக 18 அங்குல ரிம்மும் 225/40 டயரும் மாட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். சுவரோ 90 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் அவ்வளவு குறைகின்றன. ரிம்மின் எடையும் பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பெரிய ரிம் மாட்டியவற்றை, அவை எவ்வளவு மிடுக்காக நின்றாலும், நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். டயரின் வயதை அறிவதும் எளிது: சுவரில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு சக்கரங்களிலும் நான்கு வெவ்வேறு மலிவு டயர்கள் இருந்தால், முந்தைய உரிமையாளர் பிற பராமரிப்பையும் எப்படிச் செய்திருப்பார் என்று யூகித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது என் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் எந்தக் காரிலும் ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்கள் இறுகியோ வெடித்தோ இருக்கும். இந்தத் தேய்மானம் மெல்ல மெல்ல நேர்வதால் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கே தெரிவதில்லை. முதல் ஆண்டிலேயே நான்கு ஷாக் அப்சார்பர்களையும், முன் பக்கத்தின் மேல் மவுண்டுகள் எனப்படும் தாங்கிகளையும், கீழ்க் கைகளின் புஷ்களையும், இன்ஜின் மவுண்டையும் மாற்றி, வீல் அலைன்மெண்டையும் சரிசெய்தேன். அதற்குப் பிறகு ஓட்டியபோது அது வேறொரு கார் போலிருந்தது. மேடு பள்ளங்களில் இருந்த கடகடப்பு அடங்கியது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்தும் வேலை நின்றது. சிக்னலில் நிற்கும்போது இருக்கைக்கு வந்த அதிர்வும் மறைந்தது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல மியூசிக் சிஸ்டத்தைவிட அதிகச் சொகுசைக் கொடுத்தன என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். எனவே கையிலுள்ள தொகை முழுவதையும் காரின் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது இந்த வேலைகளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் அடங்கும் காரைத் தேடுவதே சரி.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சூடான இன்ஜின் பல சத்தங்களையும் புகையையும் மறைத்துவிடும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் நின்ற காரில் அடியில் சேற்றுக் கறை தென்படலாம். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு, காரின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவை பலவும் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கவோ பேட்டரியைக் கழற்றியிருக்கவோ வேண்டும். இவை எல்லாம் ஒரு மெக்கானிக்கும் செய்வார். அவரால் நமக்காகச் செய்ய முடியாதது, இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது. ஃபோர்டின் சஸ்பென்ஷன் தரத்தை உயர்த்திய பொறியாளர் ரிச்சர்ட் பேரி ஜோன்ஸ், ஒரு காரின் குணத்தை முதல் ஐம்பது மீட்டரிலேயே அறியலாம் என்று கருதியவர். கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் எடை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பது அந்தத் தொலைவுக்குள் உண்மையாகவே தெரிந்துவிடுகிறது. இருக்கைக்கு மட்டும் அது செல்லாது. தொடைக்கு அடியில் தாங்கல் போதுமா, இடுப்பு சரிகிறதா என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே நீண்ட சோதனை ஓட்டத்துக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நின்ற இடத்திலாவது நெடுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். இந்தக் காரின் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டுமன்றி முன்னும் பின்னும் நகர்வதால், கால் நீளமானவர்களுக்கும் கை மடங்கும் அளவில் பொருந்திவிடுகிறது. விலை குறைந்த கார்கள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை.

குறை இல்லாமலில்லை. இந்தத் தலைமுறையில் சாலை இரைச்சல் கூடுதல் என்பது புதிதாக வந்த காலத்திலிருந்தே விமர்சகர்கள் சொல்லி வருவது. அமைதியான ரக டயரால் ஓரளவு குறையும், ஓரளவுதான். அமைதியே முதல் தேவை என்பவர் இதே அடித்தளத்தில் வந்த வோல்வோவைப் பார்க்கலாம். மற்றொன்று பாதுகாப்பு. வழுக்கும் சாலையில் காரைத் தடத்தில் நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்துதான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒரே மாடலில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அது உள்ள காருக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். லெதர் இருக்கைக்கும் சன்ரூஃபுக்கும் அப்படிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதே தொகைக்குப் பெரிய சொகுசுக் கார்களும் கிடைக்குமே என்று பலரும் கேட்பதுண்டு. கிடைக்கும். வாங்கும் விலை இறங்கியிருந்தாலும் உதிரிபாகங்களின் விலை புதிய சொகுசுக் காருக்குரியதாகவே நிற்கிறது. காற்றுப் பையில் நிற்கும் சஸ்பென்ஷனில் ஒரு பை ஓட்டையானால் வரும் செலவில், என் காரின் நான்கு மூலைகளையும் புதுப்பித்துவிடலாம். எதிர்த் திசையில், இரு பின் சக்கரங்களையும் ஒரே தண்டால் இணைக்கும் எளிய டார்ஷன் பீம் பின் அச்சு கொண்ட சுசுகி ஸ்விஃப்ட் போன்ற இலகுவான கார்கள் ஓட்டும் இன்பத்தில் எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. முழுச் சுமையோடு நீண்ட தூரம் போகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. அன்றாடம் ஊர்ந்து செல்லும் நெரிசலிலேயே பெரும்பகுதி நேரம் கழியுமென்றால், நான் இவ்வளவு புகழ்ந்த மேனுவல் கியரை விட்டுவிட்டு, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில், எண்ணெய் மாற்றியதற்கான பதிவேடு உள்ள ஒன்றைத் தேடுவதே இடது காலுக்கு நல்லது.