பிரிட்டன் அரசோட மேஜர் ப்ராஜெக்ட்ஸ் ரிப்போர்ட்: கலரை விடுங்க, தேதியை படிங்க

கவர்மென்ட் ப்ராஜெக்ட் போர்ட்ஃபோலியோவ (மொத்த திட்டங்களோட தொகுப்ப) எப்படி கண்காணிக்கறதுன்னு கத்துக்க காசு கட்டி கோர்ஸ் சேரப்போறவங்க, அதுக்கு முன்னாடி பிரிட்டன் அரசாங்கம் வருஷா வருஷம் ஓசியில தர்ற இந்த ரிப்போர்ட்ட ஒருதடவ திறந்து பாத்துடுங்க. ரயிலு, நீர்மூழ்கி, ஜெயிலு, ஐடி சிஸ்டம்னு பெரிய வேலை அத்தனையும் ஒரே போர்ட்ஃபோலியோ, 2011ல ஆரம்பிச்சது. 2022-23 ரிப்போர்ட்ல 244 ப்ராஜெக்ட், மொத்த செலவு 805 பில்லியன் பவுண்ட். 2016ல இருந்து ஐபிஏ-ன்னு (இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அண்ட் ப்ராஜெக்ட்ஸ் அத்தாரிட்டி) ஒரு அரசு அமைப்பு போட்டுட்டிருந்தது, 2025 ஏப்ரல்ல இருந்து நிஸ்டா-ங்கற புது அமைப்பு கைக்கு போயிடுச்சு.

பிடிஎஃப்ப விட்டுடுங்க, அதுல முன்னுரை, போட்டோ, முடிச்ச வேலையோட பெருமை அவ்ளோதான். சரக்கு கூட வர்ற டேட்டா ஃபைல்ல தான் இருக்கு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தேறுமான்னு ஒரு கலர் போட்டிருப்பாங்க. 2023 ஜூலைல வந்த ஃபைல்ல ஹெச்எஸ்2-ங்கற அதிவேக ரயில் திட்டத்தோட ஃபேஸ் 1, 2ஏ ரெண்டுக்கும் ரெட். ரெட்னா அவங்க கணக்குல இத வெற்றிகரமா முடிக்க முடியும்னு தோணலன்னு அர்த்தம். அக்டோபர்ல அப்ப பிரதமரா இருந்த சுனக் பர்மிங்காமுக்கு வடக்க போற பகுதிய ரத்தே பண்ணிட்டாரு. ரெட் போட்டதாலதான் ரத்தாச்சுன்னு நான் சொல்லல, ஆனா அரசாங்கத்தோட செல்லப்பிள்ளை ப்ராஜெக்ட்டுக்கு அரசாங்க அமைப்பே ரெட் போட்டு ஊருக்கே காட்டுது பாருங்க, அதுக்கு தனி தில்லு வேணும்.

இப்ப குறைக்கு வருவோம். முன்னாடி கலர் அஞ்சு, ரெட்டுக்கும் ஆம்பருக்கும் நடுவுல ஆம்பர்-ரெட், அந்தப் பக்கம் ஆம்பர்-கிரீன். 2022ல அத ரெட், ஆம்பர், கிரீன்னு மூணாக்கிட்டாங்க. விளைவு, நாளைக்கு கவிழப்போறதும் ஆம்பர், லேசா தலைவலி இருக்கறதும் ஆம்பர், பட்டியல்ல பெரும்பாலானது ஆம்பர்லயே உக்காந்திருக்கு. நான் வேலை பாத்த ஒரு இடத்துல (பேரு வேணாம்) ஸ்டீரிங் கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் தவறாம போன் வரும், அந்த ரெட்ட ஆம்பர் ஆக்கிடுங்க, மீட்டிங்ல நாங்க பேசிக்கறோம்னு. வெளிய பச்சை உள்ள சிவப்புன்னு இருக்கற இதுக்கு எங்க லைன்ல தர்பூசணின்னே பேரு. அதனால மூணு கலர பாத்தாலே எனக்கு சந்தேகம் வருது. 2014ல யுனிவர்சல் கிரெடிட்-ங்கற நலத்தொகை திட்டத்துக்கு எந்த கலரும் போடாம "ரீசெட்"னு புதுசா ஒரு வகையே கண்டுபிடிச்சு போட்ட அரசாங்கம்தான இது.

ரெண்டாவது, பட்ஜெட்டுக்கும் ஃபோர்காஸ்ட்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தாதான் டிபார்ட்மென்ட் காரணம் எழுதணும். எழுதறதும் பாதி "ரீப்ரொஃபைல் செய்யப்பட்டது" ரகம், படிச்சாலும் ஒண்ணும் விளங்காது. டிஃபென்ஸ் பக்கம் போனா நிறைய கட்டத்துல நம்பருக்கு பதிலா தகவல் உரிமைச் சட்டத்துல விலக்குன்னு செக்ஷன் நம்பர் தான் நிக்கும். அப்பறம் சமீப வருஷ ஃபைல் எல்லாமே மார்ச் 31 நிலவரம், கைக்கு வரும்போது பழசு.

ஆனா பொறுப்பு விஷயத்துல இவங்கள அடிச்சுக்க முடியாது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் எஸ்ஆர்ஓ-ன்னு (சீனியர் ரெஸ்பான்சிபிள் ஓனர், அதாவது பொறுப்பு அதிகாரி) பேரோட ஒரு ஆளு, நியமனக் கடிதமே வெளியாகுது, பார்லிமென்ட் கமிட்டி கூப்பிட்டா அவரே போய் பதில் சொல்லணும். டிபார்ட்மென்ட்டோட தலைமை அதிகாரியான பெர்மனென்ட் செக்ரட்டரி தன் பங்குக்கு இது சட்டத்துக்கு உட்பட்டதா, முறையானதா, போட்ட காசுக்கு பலன் இருக்கா, நடக்கற காரியமான்னு நாலு கேள்விக்கு எழுத்துல பதில் குடுத்து அதோட சுருக்கத்த வெளியிடணும். நம்ம பக்கம் பல ஆபீஸ்ல, என்னென்ன சிக்கல் வரலாம்னு எழுதி வைக்கற ரிஸ்க் ரெஜிஸ்டர்ல ஓனர் கட்டத்துல "டீம்"னு போட்டு முடிச்சுடுவாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருவேன். இறக்குறவங்க ஒரு வருஷ ஃபைல மட்டும் பாக்காதீங்க, ரெண்டு மூணு வருஷத்த பக்கத்துல வச்சு முடியற தேதிய மட்டும் ஒப்பிடுங்க, கலர் அதே ஆம்பரா இருக்கும், தேதி மட்டும் நைசா தள்ளிப் போயிருக்கும். பழைய வருஷ ஃபைல் டிபார்ட்மென்ட் வாரியா தனித்தனியா கிடக்கும், டேபிள் தலைப்புகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும், சேர்க்கறதுக்குள்ள கொஞ்சம் கடுப்பாகும்.